சாட்சி சொல்லும் பொறுப்பு: அறிவியல் செய்திப் பணி குறித்து ஒரு திறனாய்வு

பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையை நாம் பெரும்பாலும் நீதிமன்றத்தோடும் அண்டை வீட்டாரோடும் பொருத்தியே விளக்கி வருகிறோம். சீர்திருத்தச் சபைகளின் எண்ணிக்கையில் ஒன்பதாவதாகவும், லுத்தரன் திருச்சபையின் எண்ணிக்கையில் எட்டாவதாகவும் வரும் அக்கட்டளை நாளிதழின் செய்திப் பத்தியையும் தழுவுமா என்னும் வினா நம்மிடையே அதிகம் எழுவதில்லை. எழ வேண்டிய வினா அது. அறிவியல் செய்தியாளர் தாம் நேரில் காணாத ஒன்றை, ஆய்வுக்கூடத்தில் கண்டதாகக் கூறுவோரின் சொல்லை நம்பி, தம்மை நம்பும் ஆயிரக்கணக்கானோர்க்கு எடுத்துரைக்கிறார். அவருடைய பணி சாட்சி சொல்லும் பணியே. அச்சாட்சி தவறினால் விளைவது கருத்துப் பிழை மட்டுமன்று, உயிரிழப்பும் நேரலாம்.

இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே இடறுகிறது, இடறியதை யார் திருத்துகிறார்கள் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். திருப்பணியாளர்க்கும் இறையியல் மாணவர்க்கும் இதில் என்ன பங்கு என்று வாசகர் கேட்கலாம். ஞாயிறுதோறும் பிறர் சாட்சியின்மேல் நின்று பேசுகிறவர்கள் நாம். ஆகவே இத்திறனாய்வு இறுதியில் நம்மையும் வந்து தொடும்.

1. ஒரு செய்தியின் வரலாறு

1998 பிப்ரவரி 26 அன்று லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் செய்தியாளர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் வேறு பன்னிருவரும் எழுதி, 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழில் இரண்டு நாள் கழித்து வெளிவரவிருந்த கட்டுரையைக் குறித்த கூட்டம் அது. அக்கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் சேர்த்துப் போடப்படும் தடுப்பூசிக்கும், ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டிற்கும் தொடர்பு இருக்கலாமோ என்ற ஐயத்தை அது எழுப்பியது. தொடர்பு உண்டென்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் அக்கட்டுரையே ஒப்புக்கொண்டது. ஆனால் கூட்டத்தில் வேக்ஃபீல்டு ஒரு படி மேலே சென்று, மூன்று தடுப்பூசிகளையும் தனித்தனியே போடுவதே நலம் என்றார். கட்டுரை கூறியது ஒன்று. கூட்டத்தில் கூறப்பட்டது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே இருந்த வெளியைக் காண்பதே செய்தியாளரின் முதற்கடமையாக இருந்தது.

அக்கடமையைச் செய்தவர் சிலரே. பலர் கூட்டத்தில் கேட்டதை எழுதினர். 2001 ஆம் ஆண்டின் இறுதியில், தம் கைக்குழந்தைக்கு அத்தடுப்பூசி போடப்பட்டதா என்று கூறப் பிரதமர் டோனி பிளேர் மறுத்தபோது, செய்தி அரசியற் பக்கங்களுக்கும் பரவிற்று. அறிவியலைத் தொடர்ந்து கவனித்துவந்த நிருபர்களின் கையிலிருந்து பொதுச் செய்தியாளர்களின் கைக்கும் பத்தி எழுத்தாளர்களின் கைக்கும் அது மாறியது. தொடக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பற்றியதாக இருந்த செய்தி, கவலையுற்ற பெற்றோர்க்கும் அரசுக்கும் இடையே நடக்கும் வழக்காக உருமாறியது.

இங்கிலாந்தில் 1990களின் நடுவில் 92 விழுக்காட்டளவில் இருந்த தடுப்பூசி ஏற்பு 2003-04 இல் ஏறத்தாழ 80 விழுக்காடாகக் குறைந்தது. தட்டம்மை மிக எளிதில் தொற்றும் நோய். அது பரவாமல் தடுக்க 95 விழுக்காட்டினரேனும் காப்புப் பெற்றிருக்க வேண்டும் என்பர் மருத்துவர். 2008 இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தட்டம்மை மீண்டும் நிலைகொண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2012 இன் இறுதியில் வேல்ஸ் நாட்டின் சுவான்சி வட்டாரத்தில் தொடங்கிய நோய்ப் பரவலில் 1,200 பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயினர். ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதே வட்டாரத்தில் உள்ளூர் நாளிதழ் ஒன்று 1997 முதல் இத்தடுப்பூசிக்கு எதிராகச் செய்திகளைத் தொடர்ந்து வெளியிட்டிருந்தது. அவ்விதழ் படிக்கப்பட்ட பகுதியில் தடுப்பூசி ஏற்பு வேல்ஸின் பிற பகுதிகளைவிட மிகுதியாகக் குறைந்தது என்பதை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியிருந்தது. மருத்துவ ஆய்வுகள் எச்சரித்தது பன்னிரண்டு ஆண்டு கழித்து நோயாக வந்து நின்றது.

2. நடுவுநிலை என்னும் சறுக்கல்

இதழாளர் தம்மைக் காத்துக்கொள்ளக் கூறிய மறுமொழி ஒன்றுண்டு: "நாங்கள் இரு தரப்பையும் சமமாக வெளியிட்டோம்." அவர்கள் கூறியது உண்மையே. ஆனால் அந்த உண்மையிலேயே குற்றமும் அடங்கியிருந்தது. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 இல் மக்களிடையே நடத்திய கணக்கெடுப்பில், இரு தரப்புக்கும் சம இடம் தரப்பட்டமையால் இரு தரப்புக்கும் சமமான சான்றுகள் உள்ளன என்று 53 விழுக்காட்டினர் எண்ணியது தெரியவந்தது. சான்றுகளில் பெரும்பகுதி தடுப்பூசிக்கு ஆதரவானது என்பதை அறிந்திருந்தோர் 23 விழுக்காட்டினர் மட்டுமே.

எடை வேறுபட்ட பொருள்களை இரு தட்டிலும் வைத்துவிட்டு, முள் நடுவில் நிற்குமாறு கையால் பிடித்துக்கொள்ளும் வணிகரை நாம் நேர்மையாளர் என்று சொல்வதில்லை. தராசின் பணி எடையைக் காட்டுவது. அரசியற் செய்தியில் இரு கட்சியினரின் கூற்றையும் அருகருகே தருவது முறையாக இருக்கலாம். அங்கே முடிவு செய்ய வேண்டியவர் வாக்காளர். ஓர் ஊசியால் குறிப்பிட்ட குறைபாடு வருமா என்பதோ வாக்கெடுப்பால் முடிவாவதன்று. 2002 இல் வெளியான டென்மார்க் நாட்டு ஆய்வு 5,37,303 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, தடுப்பூசி பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை எனக் கண்டது. அதன் பின்னரும் இங்கிலாந்தில் தடுப்பூசி ஏற்பு குறைந்துகொண்டே வந்தது. பன்னிரு குழந்தைகள் எழுப்பிய அச்சத்தை ஐந்து லட்சம் குழந்தைகளின் சான்று உடனே தணிக்க இயலவில்லை.

3. திருத்தியவரும் செய்தியாளரே

இதனைக் கொண்டு செய்தித்துறையை முற்றாகப் பழிப்பது எளிது, நேர்மையன்று. ஏனெனில் இப்பிழையைத் திருத்தியவரும் ஒரு செய்தியாளரே. 2004 பிப்ரவரியில் 'சண்டே டைம்ஸ்' இதழில் பிரையன் டீர் என்பவர் ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். தடுப்பூசி நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுக்க முயன்ற வழக்கறிஞர் வழியாக, இலவச சட்ட உதவி நிதியிலிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் தரப்பட்டிருந்தது; ஆய்வுக்குட்பட்ட குழந்தைகளுள் சிலர் அவ்வழக்கோடு தொடர்புடையவர்கள். அடுத்த மாதமே இணை ஆசிரியர்களுள் பதின்மர் கட்டுரையின் விளக்கத்தைத் திரும்பப் பெற்றனர். டீர்மேல் வேக்ஃபீல்டு தொடுத்த அவதூறு வழக்கு 2007 இல் கைவிடப்பட்டது. 2010 பிப்ரவரியில் 'லான்செட்' கட்டுரையை முழுவதுமாக விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு மே மாதத்தில் மருத்துவர் பதிவேட்டிலிருந்து வேக்ஃபீல்டின் பெயர் நீக்கப்பட்டது. 2011 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டீர் எழுதிய கட்டுரைகள், அந்தப் பன்னிரு குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை வெளியான கட்டுரையோடு வரிவரியாக ஒப்பிட்டு, திரிபு நேராத நேர்வு ஒன்றும் இல்லை என்று காட்டின.

ஆய்விதழின் சக ஆய்வாளர் மதிப்பீடு காணாததை ஒரு நிருபர் கண்டார். அவர் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர் அல்லர். ஆவணத்தைத் தேடிச் சென்றார். பெற்றோரை நேரிற் கண்டு வினவினார். யார் பணம் கொடுத்தார் என்று கேட்டார். லூக்கா தம் நற்செய்தியின் முன்னுரையில் கண்கூடாகக் கண்டவர்களையும் தொடக்கமுதல் திட்டமாக விசாரித்தலையும் பற்றிப் பேசுவதை நாம் அறிவோம். அவ்வொழுக்கம் செய்தித்துறையிலும் உயிரோடிருக்கிறது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. ஆயினும் இதன் விலையையும் காண வேண்டும். 1998 முதல் 2010 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. ஒரு செய்திக்காக ஆண்டுக்கணக்கில் ஒருவரை உழைக்கவிடவும், அவதூறு வழக்கைத் தாங்கவும் வல்ல இதழ்கள் எத்தனை?

4. செய்தி உருவாகும் வழி

அறிவியற் செய்திகளுள் பெரும்பாலானவை இவ்வாறு தேடிக் கண்டவை அல்ல, தேடி வந்தவை. பெரிய ஆய்விதழ்கள் தம் கட்டுரைகளைச் சில நாள் முன்னதாகவே செய்தியாளர்க்கு அனுப்பி, குறித்த நாள் குறித்த மணிக்கு முன் வெளியிடலாகாது என்று கட்டுப்படுத்துகின்றன. படித்துப் பார்க்கவும் பிற வல்லுநரைக் கேட்கவும் இதனால் நேரம் கிடைக்கிறது என்பது நன்மை. எல்லா இதழ்களும் ஒரே நாளில் ஒரே செய்தியை ஒரே குரலில் பேசுகின்றன என்பது தீமை. கட்டுரையோடு பல்கலைக்கழகத்தின் செய்திக் குறிப்பும் வருகிறது. நெருக்கடியிலுள்ள நிருபர் கட்டுரையை விட்டுக் குறிப்பையே படிக்கிறார்.

அக்குறிப்புகள் எத்தகையவை? கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 2014 இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் இருபது 2011 இல் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை ஆராய்ந்தது. அவற்றுள் 40 விழுக்காட்டில் ஆய்வு தாங்காத அறிவுரை இருந்தது. 33 விழுக்காட்டில் தொடர்பு காரணமாக மிகைப்படுத்தப்பட்டிருந்தது. விலங்குகளில் கண்டதை மனிதர்க்கு ஏற்றிக் கூறியது 36 விழுக்காடு. குறிப்பு மிகைப்படுத்தியபோது செய்தியும் மிகைப்படுத்தியது; குறிப்பு அடக்கமாயிருந்தபோது செய்தியும் பெரும்பாலும் அடக்கமாயிருந்தது. ஆகவே, செய்தியாளர் அறிவியலைக் கெடுக்கிறார் என்ற வழக்கமான குற்றச்சாட்டில் பாதியேனும் அறிவியலாரின் வாயிலிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

எண்களைக் கையாளும் முறையும் கருதத்தக்கது. 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும் இடரை இரு மடங்காக்குகின்றன என்று எச்சரிக்கை வெளியானது. செய்திகள் அதனை அவ்வாறே பரப்பின. எண் பொய்யன்று. 7,000 பெண்களில் ஒருவருக்கு நேர்ந்தது இருவருக்கு நேரும் என்பதே அந்த 'இரு மடங்கு'. அடிப்படை எண் சொல்லப்படாமையால் பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது. கருவுற்றிருக்கும் காலத்தில் இரத்தம் உறையும் இடர் அம்மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதும் உடன் சொல்லப்பட்டிருக்க வேண்டும். மெய்யான ஓர் எண் இவ்வாறு பொய்ச்சாட்சியின் வேலையைச் செய்தது.

5. தலைப்பு என்னும் சோதனை

இறையியல் மாணவர்க்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு 'கடவுள் துகள்'. லியோன் லெடர்மன் என்னும் இயற்பியலார், டிக் தெரேசியுடன் சேர்ந்து 1993 இல் வெளியிட்ட நூலுக்கு இட்ட தலைப்பு அது. எளிதில் அகப்படாத அத்துகளைச் சபிக்கும் சொல்லொன்றை இட விரும்பியதாகவும், பதிப்பாளர் ஒப்பவில்லை என்றும் அவரே வேடிக்கையாகக் கூறியதுண்டு. 1964 இல் அத்துகளை முன்மொழிந்த பீட்டர் ஹிக்ஸ் இப்பெயரை விரும்பியதில்லை. ஆயினும் 2012 ஜூலை 4 அன்று ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகம் அத்துகள் கண்டறியப்பட்டதை அறிவித்தபோது, உலகெங்கும் தலைப்புகளில் இடம்பெற்றது அப்பெயரே.

அதன் விளைவை நம் சபைகளில் கண்டோம். கடவுள் உண்டென்பதற்கு அறிவியல் சான்று கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோர் சிலர். கடவுளுக்கு இனி இடமில்லை என்கிறார்களே என்று கலங்கினோர் சிலர். இரு சாராரும் ஒரு தலைப்பையே படித்தவர்கள். அடிப்படைத் துகள்கள் பொருண்மை பெறும் வகையை விளக்குவது ஹிக்ஸ் கொள்கை. அதுவும் முழு விளக்கமன்று. நம் உடலின் பொருண்மையில் பெரும்பகுதி, அணுக்கருவினுள் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையின் ஆற்றலிலிருந்து வருவது. கடவுளைப் பற்றி அத்துகள் ஒன்றும் கூறவில்லை. செய்தித்தாளில் தலைப்பிடுகிறவர் பெரும்பாலும் செய்தியை எழுதியவர் அல்லர். துணையாசிரியர் மேசையில் இடப்படுவது அது. நிருபர் பத்துப் பத்திகளில் காத்த அடக்கத்தை மூன்று சொற்கள் அழித்துவிடக் கூடும்.

இதற்கு மறுதலையான ஆபத்தும் உண்டு. அறிவியலார் சொல்வதையெல்லாம் வேதவாக்காக ஏற்று எழுதுவதும் நற்சாட்சி ஆகாது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபின் எழுந்த வாதத்தில் இரு வேறு வினாக்கள் கலந்துபோயின. நியூட்ரினோ தீங்கு செய்யுமா என்பது ஒன்று. கோடானுகோடி நியூட்ரினோக்கள் நொடிதோறும் நம் உடலைத் தீங்கின்றிக் கடந்து செல்வதால் அதற்கு விடை தெளிவு. மலையைக் குடைவதாலும் பாறையை வெடிவைத்துத் தகர்ப்பதாலும் காட்டிற்கும் நீருக்கும் என்ன நேரும் என்பது மற்றொன்று. அது சிற்றூர் மக்கள் கேட்க உரிமையுள்ள வினா. முதல் வினாவின் விடையைக் காட்டி இரண்டாவதை அடக்குவதும், இரண்டாவதன் அச்சத்தைக் கொண்டு முதலாவதைத் திரிப்பதும் ஒருங்கே நடந்தன. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு இத்திட்டம் வேண்டாவென்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. முடிவு எதுவாயினும், வினாக்களைப் பிரித்துக் காட்டுவதே செய்தியாளரின் கடன்.

6. நம் மேடையில்

இவற்றையெல்லாம் எழுதிய கையோடு நம் மேடையையும் நோக்க வேண்டும். யோசுவாவின் நாளில் சூரியன் நின்றதால் 'காணாமற்போன நாளை' நாசா விஞ்ஞானிகள் கணிப்பொறியால் கண்டுபிடித்தார்கள் என்னும் கதையைக் கேளாத விசுவாசி நம்மிடையே அரிது. அமெரிக்காவில் ஹெரால்டு ஹில் என்னும் தொழிலதிபர் 1960களின் இறுதியில் பரப்பிய கதை அது. அப்படியொரு கணக்கு நடைபெறவில்லை என்று நாசா மறுத்துவிட்டது. கணிப்பொறி தோன்றுமுன்பே, 1890 இல், சார்லஸ் டாட்டன் என்பவர் தம் நூலில் இத்தகைய கணக்கை எழுதியிருந்தார். பழங்கதைக்கு நாசா என்னும் புதுச்சட்டை மாட்டப்பட்டதே நிகழ்ந்தது.

இதனை நானும் சொல்லியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வாலிபர் முகாம் ஒன்றில் இக்கதையை உற்சாகத்தோடு எடுத்துரைத்தேன். முடிந்தபின் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் அருகே வந்து, "ஐயா, இது எந்த வருஷம் எந்தப் புத்தகத்தில் வந்தது? பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்" என்று பணிவோடு கேட்டார். என்னிடம் விடையில்லை. வேறொரு போதகர் சொல்லக் கேட்டேன் என்று கூறவும் நாணமாயிருந்தது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது அந்நாள் என் நினைவுக்கு வந்தது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான அம்முகாமை எதிர்த்து வதந்திகள் கைப்பேசி வழியே பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். ஆராதனைக்குப்பின் ஒரு தாயார், "ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று செய்தி வந்திருக்கிறதே, ஐயா" என்றார். யார் எழுதியது என்று கேட்டேன். "எல்லாருக்கும் வந்திருக்கிறது" என்றார். யோசுவாவின் நாளைப் பற்றி நான் சொல்லியிருக்கக்கூடிய அதே விடை அது. சான்றை வினவாமல் நம்பும் பழக்கத்தை மேடையில் வளர்த்துவிட்டு, மருத்துவமனை வாயிலில் மட்டும் சான்றை வினவுங்கள் என்று எப்படிச் சொல்வது? நமக்கு ஆதரவான பொய்யும் பொய்யே. அதைப் பொறுத்துக்கொள்ளும் செவி, பிள்ளையின் உயிருக்கு ஊறு செய்யும் பொய்யையும் பொறுத்துக்கொள்ளும்.

7. முடிவுரை

அறிவைத் தாய்மொழியில் நேர்மையாக எடுத்துரைப்பது நமக்குப் புதிய ஊழியமன்று. 1841 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய 'உதயதாரகை' அறிவியலையும் தன் பத்திகளில் கொண்டிருந்தது. மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிரீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; அதற்கான நூல்களைத் தமிழாக்கினார். அம்மரபு இன்று நம் கல்லூரிகளில் எவ்விடத்தில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எளிய பயிற்சி ஒன்றைப் பரிந்துரைக்கலாம். அருளுரைக் கலை வகுப்பில் பருவத்துக்கு ஒருமுறையேனும் ஓர் அறிவியற் செய்தியை எடுத்துக்கொண்டு மாணவர் ஆராயட்டும். இதைக் கண்டவர் யார்; எத்தனை பேரிடம் கண்டார்; எதனோடு ஒப்பிட்டார்; செலவை ஏற்றவர் யார்; அத்துறையிலுள்ள பிறர் என்ன சொல்கிறார்கள்; தலைப்பு செய்திக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்கட்டும். இவ்வினாக்களைக் கேட்கப் பழகியவர் திருமறை விளக்க நூலையும் தம் அருளுரையையும் அதே கண்ணோடு படிப்பார். செய்தியாளரைக் குறை கூறுமுன், அவருடைய பணியின் கடுமையையும் உணர்வார்.

அந்த அறிவியல் ஆசிரியரின் வினாவிற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர் என்னை மறுக்கவில்லை. நான் சொன்னதை நம்பி, அதைப் பிறர்க்குக் காட்டச் சான்று கேட்டார். நம்மை நம்புகிறவர் கேட்கும்போது எடுத்துக் காட்டக்கூடியதை மட்டுமே சொல்வது செய்தியாளருக்கும் போதகருக்கும் பொதுவான கடமையாகும்.